டேர்ன் கட்டத்தைத் தொடக் கூடாது

அழகுத்தாய்க்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தபோது முதலில் எழுந்த கேள்வி, அப்போ ஷீட்டை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான். மாப்பிள்ளை யார், எந்த ஊர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் கேட்டார்கள்.

தேவிகுளத்திலிருந்து இறங்கும் சாலையில், தேயிலைச் சரிவின் ஒரு மடிப்பில், அந்த ஸ்டாண்டு இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் காரை அங்கே விட்டுவிட்டு ஜீப்பில் ஏறி மேலே வியூ பாயிண்டுக்குப் போவார்கள். கார் ஏறாத பாதை. எந்த ஜீப் முதலில் வந்ததோ அதற்குத்தான் முதல் சவாரி. இதை டேர்ன் என்பார்கள். ஸ்டாண்டில் ஐந்தாறு வண்டி நிற்கத்தான் இடம். மற்றவை டீக்கடை முன்னாலும், வளைவிலும், கூப்பிட்டால் கேட்கிற தூரம்வரை சாலையோரத்திலும் சிதறி நிற்கும். ஆகவே வரிசை என்ற ஒன்று கண்ணுக்குத் தெரியாது. அது அழகுத்தாயின் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது.

அவள் பிறந்தது பக்கத்து எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில். அம்மா மூக்கம்மாள் கொழுந்து எடுத்தவள். அழகுத்தாயும் பன்னிரண்டாவது முடித்துச் சில வருடம் கூடை சுமந்தாள். கூடையைவிட வாய்தான் கனம் என்று அம்மா சொல்வாள். பிறகு எஸ்டேட் ஆபீசில் தற்காலிக வேலை. இலை எடையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. எக்செல் அங்கேதான் கைக்கு வந்தது. கட்டம் கட்டமாக ஒரு வெள்ளைத்தாள் முடிவில்லாமல் கீழே போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்து முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு இடத்தில் என்னத்தை எழுதுவது?

ஜீப் சங்கம் அவளைக் கூப்பிட்டபோது ஸ்டாண்டில் தினமும் சண்டை. பெயர் கூப்பிட ஒரு ஆளை வைத்திருந்தார்கள். அவர் மைத்துனன் வண்டியை முன்னால் கூப்பிடுகிறார் என்று பாதிப் பேர் சொன்னார்கள். அவரை எடுத்துவிட்டு வேறு ஆளை வைத்தார்கள். அவருக்கும் ஒரு மைத்துனன் இருந்தான். கடைசியில் பொதுக்குழு கூடி ஒரே ஒரு தீர்மானம் போட்டது: அவனவன் பெயரை அவனவன்தான் எழுத வேண்டும். அடுத்தவன் எழுதக் கூடாது, கவுண்டரில் இருப்பவரும் எழுதக் கூடாது.

அதனால் கவுண்டரில் கம்ப்யூட்டர் திரை வெளியே பார்த்து இருந்தது. விசைப்பலகை ஜன்னல் விளிம்பில், பனிக்கும் மழைக்கும் பயந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. வருகிற ஓட்டுநர் வெளியே நின்றபடியே பெயரையும் வண்டி நம்பரையும் அடிப்பார். பக்கத்துக் கட்டத்தில் ஃபார்முலா தானாக அவருடைய டேர்னைக் காட்டும். சவாரி கிளம்பியதும் ‘போயாச்சு’ என்று அடுத்த கட்டத்தில் அடித்துவிட்டுப் போவார். மற்றவர்களின் டேர்ன் ஒவ்வொன்றாக முன்னேறும். உள்ளே அழகுத்தாய், சேலைக்கு மேல் ஆண்கள் ஸ்வெட்டர், காதை மூடிய மப்ளர், சீட்டு கிழித்துக்கொடுத்தபடி.

காந்தலூர் வேல்முருகனை அவளுக்கு இந்த ஜன்னல் வழியாகத்தான் தெரியும். பூண்டும் கேரட்டும் ஏற்றிய பிக்கப்பை ஜீப் நிற்கிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவான். அவள் கத்துவாள், வண்டியை எடுக்கச் சொல்வாள். எடுப்பான். இரண்டு நாள் கழித்து மறுபடி நிறுத்துவான். ஒரு நாள் அவள் கத்துவதற்கு முன்னால் ஜன்னலுக்கு வந்து, ஒரு விரலால் தேடித் தேடி, ஜீப்புகளின் பெயர்களுக்குக் கீழே தன் பெயரை அடித்தான்.

“எங்கிட்டுப் போகணும்?” என்றாள்.

“எங்கயும் போகல. உங்ககிட்ட ஒண்ணு பேசணும். ஆள் நெறைய இருக்காங்களே, அதான் டேர்ன் போட்டேன்.”

திரை அவனுக்கு ஒன்பது காட்டியது. அவன் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். சாயங்காலம் எட்டு ஜீப்பும் கிளம்பி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. நாற்பதை நெருங்கிய இருவருக்கும் அதற்குமேல் பேச அதிகம் இருக்கவில்லை. பேசி முடித்தார்கள்.

வேல்முருகனுக்குக் காந்தலூரில் நிலம். அவளுக்குத் தேவிகுளத்தில் கவுண்டர். நிலத்தைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, கவுண்டரை விட அவளுக்கு மனமில்லை. வாரத்தில் நான்கு நாள் இங்கே, மூன்று நாள் அங்கே என்று முடிவு செய்தார்கள். அவன் எப்படியும் காய் ஏற்றிக்கொண்டு வருகிறவன்தான். முகூர்த்தம் ஆவணியில் கிடைத்தது. ஓணம் விடுமுறைக்கு நடுவில், வருடத்திலேயே ஜீப்புக்கு ஓய்வில்லாத வாரத்தில்.

சங்கச் செயலாளர் ஈஸ்வரனுக்குக் கேட்டதும் தலை சுற்றியது.

“தாயி, தை மாசத்துக்குத் தள்ளி வச்சா என்ன?”

“அண்ணே, நாப்பது வருசமா தள்ளி வச்சாச்சு.”

“கல்யாணத்துக்கு ஒரு நாளுன்னாலும் பரவாயில்ல. பெறகு வாராவாரம் மூணு நாளுங்கியே. நீ சாப்பிடப் போன நேரத்துலயே ஷீட்டு என்னாவுதுன்னு எனக்குத் தெரியாதா?”

எல்லோருக்கும் தெரியும். போன மாதம் அவள் சாப்பிடப் போன நேரத்தில் தனபால் தன் டேர்ன் கட்டத்திலேயே ‘இங்கதான் இருக்கேன்’ என்று அடித்துவிட்டான். ஃபார்முலா போயிற்று. அவனுக்குக் கீழே இருந்த எல்லோருக்கும் டேர்னுக்குப் பதிலாக ஆச்சரியக்குறி போட்ட ஏதோ ஆங்கில எழுத்து வந்தது. அருண்பாண்டி அதை அழிக்கப் போய் மொத்த வரிசையையும் அழித்தான். அழகுத்தாய் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து சரிசெய்தாள். அவள் தினமும் இப்படிச் சரிசெய்துகொண்டே இருந்ததால்தான் ஷீட் ஓடிக்கொண்டிருந்தது.

“நீ இல்லாம மூணு நாள் ஓடுதா பாப்போம். ஓடுனா நீ சொல்லுத மாதிரியே வச்சுக்கோ” என்றார் ஈஸ்வரன். “ஓடலன்னா ஏழு நாளும் இருக்கிற ஆளாத்தான் நான் பாக்கணும். கோவிச்சுக்காத.”

கோபம் வரவில்லை. நியாயம்தான் என்று தோன்றியது. அதுதான் அவளைத் தொந்தரவு செய்தது.

அட்சயா என்கிற அரசு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் சிஞ்சு அவளுடைய மலையாளிச் சிநேகிதி. சேர்ந்தே பஸ் ஏறுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கவுண்டரில் உட்கார்ந்து இருவரும் பலாச்சுளை தின்றபடி ஷீட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். பூட்டுவது சுலபமாக இருந்தது. ஒரு மெனு, ஒரு பாஸ்வேர்டு.

“கழிஞ்சு சேச்சி. இனி ஒருத்தனும் தொட மாட்டான்” என்றாள் சிஞ்சு.

அது அப்படியே நடந்தது. காலையில் முதலில் வந்த தனபால் பெயரை அடிக்க, முதல் எழுத்திலேயே ஒரு பெட்டி எழுந்து, இந்தக் கட்டம் பாதுகாக்கப்பட்டது என்றது. அவன் வேறு கட்டத்தில் அடித்தான். அதே பெட்டி. அடுத்து வந்தவனுக்கும் அதே. பிறகு வந்தவர்கள் அடிக்கவே இல்லை, வாயால் டேர்ன் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒன்று என்று ஐந்து பேர் சொன்னார்கள்.

“என்னக்கா, கல்யாணம் ஒனக்கு, பூட்டு எங்களுக்கா?” என்று தனபால் ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கத்தினான்.

பூட்டைத் திறந்துவிட்டு மதியம் சிஞ்சுவை போனில் பிடித்தாள். இருவரும் தேடிக் கண்டுபிடித்தது இதுதான். எக்செலில் எல்லாக் கட்டமும் பிறக்கும்போதே பூட்டோடு பிறக்கிறது. ஷீட்டுக்குக் காவல் போடும்வரை அந்தப் பூட்டு சும்மா தொங்கும். காவல் போட்டதும் மொத்தமும் விழித்துக்கொள்ளும். ஆகவே முதலில் ஜனங்கள் எழுத வேண்டிய கட்டங்களைத் தேர்ந்து பூட்டை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு காவல்.

பெயர், வண்டி, ‘போயாச்சு’ மூன்றையும் திறந்துவிட்டாள். டேர்ன் மட்டும் பூட்டு. காலையில் தனபால் அடித்தான், விழுந்தது. வேண்டுமென்றே டேர்ன் கட்டத்தில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான், பெட்டி எழுந்தது. “அக்கா ஜெயிச்சுட்டா!” என்று ஸ்டாண்டு முழுக்கக் கேட்கக் கத்தினான். அழகுத்தாய் எல்லோருக்கும் டீ சொன்னாள்.

டீ வருவதற்குள் தோற்றுவிட்டாள். அட்டவணையில் இருந்த வரிசைகள் நிரம்பிவிட்டன. முன்பெல்லாம் கடைசிப் பெயருக்குக் கீழே அடித்தால் அட்டவணை தானாக ஒரு வரிசை நீண்டு, ஃபார்முலாவையும் இழுத்துக்கொண்டு வரும். காவல் போட்ட ஷீட்டில் அட்டவணை நீளாது. கீழ்க் கட்டங்களையும் திறந்துவிட்டுப் பார்த்தாள். பெயர் விழுந்தது, பக்கத்தில் டேர்ன் வரவில்லை. தாமதமாக வந்த அருண்பாண்டி தன் பெயரையும் அதன் பக்கத்து வெறுமையையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஏன்க்கா, எனக்குப் பேரு இருக்கு. டேர்ன் இல்ல. நான் இருக்கேனா இல்லையா?”

“இருக்கே, இருக்கே. டீயக் குடி.”

அன்று மாலை வேல்முருகன் வந்தபோது அவள் ஜன்னலில் தாடையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“புதுசா வர்றவனுக்கு எடம் விடணும். பழைய கணக்க யாரும் தொடக் கூடாது. ரெண்டையும் சேத்துக் கேட்டா இந்தச் சனியன் முடியாதுங்குது.”

அவனுக்கு எக்செல் தெரியாது. “நாங்க பூண்டு போடயில பாத்திய மொதல்லயே கட்டிப்புடுவோம். வெதக்கிறவன் வரும்போதா கட்டுவாங்க?” என்றான். தன் வேலையைப் பற்றித்தான் சொன்னான். பிறகு பன் சாப்பிடப் போய்விட்டான்.

அவன் சொன்ன பாத்தியை நினைத்தாளோ அல்லது தானாகவே கண்டுபிடித்தாளோ, மறுநாள் செய்தது அதுதான். அட்டவணையை முதலிலேயே ஒரு நாளைக்கு எவ்வளவு வந்தாலும் போதும் என்கிற அளவுக்குக் கீழே இழுத்துவிட்டாள். எல்லாம் காலி வரிசைகள். ஒவ்வொன்றிலும் பெயர்க் கட்டம் திறந்தும் டேர்ன் கட்டம் பூட்டியும், ஃபார்முலா உள்ளே காத்துக்கொண்டும். பெயர் விழும்வரை ஃபார்முலா வாயைத் திறக்காது, கட்டம் வெள்ளையாக இருக்கும். பெயர் விழுந்ததும் டேர்ன் வரும். நீள வேண்டிய தேவையே இல்லை. மேலே காவல்.

ஒரு வாரம் ஓடியது. ஒருவரும் எதையும் உடைக்கவில்லை. சிஞ்சு வந்து பார்த்துவிட்டுத் திரைக்குத் திருஷ்டி கழித்தாள். இனிப் பரீட்சை வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு நாள் விடுப்பு போட்டு, வேல்முருகனோடு உடுமலைக்கு முகூர்த்தப்பட்டு எடுக்கப் போனாள்.

கடையில் மாம்பழ மஞ்சளுக்கும் அரக்குச் சிவப்புக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈஸ்வரன்.

“தாயி, இங்க அடிதடி.”

பின்னால் கூச்சல் கேட்டது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததாம். தனபால் மட்டும் ஒரு காலி வரிசையை விட்டுவிட்டு அதற்குக் கீழே தன் பெயரை அடித்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் ஆறு பேர் அடித்தார்கள். அரைமணி கழித்து அருண்பாண்டி அசைந்து அசைந்து வந்து அந்தக் காலி வரிசையில் தன் பெயரைப் போட்டான். ஏழு பேரின் டேர்னும் ஒவ்வொன்று பின்னால் தள்ளிப்போயிற்று.

“அவன்கிட்டக் குடுங்க போன” என்றாள். கடைக்காரர் சேலையை விரித்த கையோடு காத்திருந்தார்.

“ஏலே தனபாலு, எதுக்குலே நடுவுல வரிசைய விட்ட?”

“விடலக்கா. கல்லு வச்சேன்.”

“என்னது?”

“அருண்பாண்டி வண்டி பஞ்சர். ஸ்டெப்னி மாட்டிட்டு இருந்தான். வர்றதுக்குள்ள எடம் போயிருமேன்னு கல்லு வச்சேன். இது தப்பா?”

அழகுத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லயத்துக் குழாயடியில் தண்ணீர் வருவதற்கு முன்னால் எல்லோரும் குடத்தை வரிசையில் வைப்பார்கள். குடம் கையில் இல்லாதவர்கள், அடுப்பில் சோறு பொங்குகிறவர்கள், ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். பக்கத்துவீட்டுக்காரிக்காகவும் கல் வைக்கலாம். கல்லைத் தாண்டிக் குடம் நகராது என்பதில்லை. ஆள் வராவிட்டால் தாண்டிப் போகும், வந்ததும் கல் இருந்த இடம் அவளுக்குத்தான். லயத்தில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாம். ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அந்த லயங்களில் பிறந்தவர்கள்தான். அவள் காலி வரிசைகளைப் போட்டுக்கொடுத்தாள். அவர்கள் அதைக் குழாயடி என்று எடுத்துக்கொண்டார்கள்.

“தப்பில்லலே. ஆனா கல்லு கண்ணுக்குத் தெரியணும்ல. நீ வச்சது காத்து” என்றாள். “இன்னிக்கு அருண்பாண்டி கடைசி. நான் வந்து பேசிக்கிடுதேன்.”

அரக்குச் சிவப்பை எடுத்தாள்.

மலையேறும்போது, சின்னாறு தாண்டியதும் வேல்முருகன் கேட்டான். “கல்யாணத்தன்னிக்கும் போன் வருமா?”

“வராது.”

“வந்தா?”

“வந்தா நீங்க எடுங்க. எனக்குக் கையில மருதாணி இருக்கும்.”

மறுநாள் ஜன்னல் முன்னால் கூட்டம். மேலே ஒரு வரிசை காலியாக இருந்தால் அதற்குக் கீழே எழுதவிடாதபடி ஷீட்டில் ஒரு விதி போட்டிருப்பதாக அழகுத்தாய் சொன்னாள். யாரும் நடுவில் இடம் விட முடியாது. உடனே எதிர்ப்பு. அப்போ பஞ்சரானவன் கதி? வீட்டுக்குச் சோத்துக்குப் போனவன் கதி? கல் வைப்பது எங்கள் உரிமை என்று தனபால் சொன்னபோது மூன்று பேர் கைதட்டினார்கள்.

“இருங்கப்பா, முடிக்கலையே. கல்லுக்கு ஒரு கட்டம் போட்டிருக்கேன்.”

பெயருக்கும் டேர்னுக்கும் நடுவில் புதிதாக ஒரு பத்தி. தலைப்பு: கல். வராதவன் பெயரை எழுதி, அந்தக் கட்டத்தில் ஒரு எழுத்து அடித்தால் அவன் வரிசை சாம்பல் நிறமாகும். டேர்ன் அவனைத் தாண்டிப் போகும். வந்ததும் எழுத்தை அழித்தால் அவன் இடம் அவனுக்குத் திரும்பும். அடுத்தவன் பெயரை எழுதக் கூடாது என்ற பழைய தீர்மானத்தில் கல்லுக்கு மட்டும் விலக்கு.

பிறகு எந்தக் காரணத்துக்குக் கல் செல்லும் என்று ஒரு மணிநேரம் விவாதம். பஞ்சருக்குச் செல்லும். சாப்பாட்டுக்குச் செல்லும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரச் செல்லும். முடி வெட்டப் போவதற்குச் செல்லுமா?

“இருக்கிற முடியப் பொறுத்து” என்றான் அருண்பாண்டி, ஈஸ்வரனின் தலையைப் பார்த்தபடி.

“பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கும்?” என்று ஈஸ்வரன் தொண்டையைச் செருமிக் கேட்டார். “செயலாளர்னு ஒருத்தன் இருக்கேன்.”

ஈஸ்வரனுக்கும் ஒரு மைத்துனன் ஜீப் ஓட்டினான்.

“எங்கிட்ட மட்டும்” என்றாள். “ஷீட்டு என்னமும் ஆச்சுன்னா வெறும் ஷீட்டு ஒண்ணு காப்பி போட்டு வச்சிருக்கேன், அதத் தொறந்துக்கோங்க. இந்தப் பூட்டத் தொறக்க வேண்டிய வேலையே ஒங்களுக்கு வராது.”

சனிக்கிழமை மறுபடி விடுப்பு. இந்த முறை எங்கும் போகவில்லை. லயத்தில் அம்மாவோடு இருந்தாள். போன் அடிக்கவில்லை. பத்து மணிக்கு சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள். பதினொரு மணிக்கு சிஞ்சுவை அடிக்கச் சொல்லி, மணி கேட்கிறதா என்று பார்த்தாள். மூக்கம்மாள் பயறு உடைத்துக்கொண்டே மகளைப் பார்த்தாள்.

“என்னடி, யாரும் கூப்பிடலயேன்னு அழுகையா?”

“போம்மா.”

மத்தியானத்துக்கு மேல் தாங்கவில்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடையின் உள்பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பனி விலகியபோது ஜன்னல் தெரிந்தது. ஒருவன் வந்தான், அடித்தான், போனான். இன்னொருவன் வந்து ஒரு எழுத்து அடித்தான், திரையில் ஒரு வரிசை சாம்பலானது. சிறிது நேரத்தில் இலையில் கட்டிய சோற்றைத் தின்று ஏப்பம் விட்டபடி சாம்பலானவனே வந்து அழித்தான், வெள்ளையானான். சீட்டு கிழிக்க உட்கார்ந்திருந்த ஈஸ்வரன் கொட்டாவி விட்டார். அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அழகுத்தாய் தேவையில்லாமல் இரண்டு வடை சாப்பிட்டாள்.

“அண்ணாச்சி, அந்த முக்காடு போட்ட அம்மாவுக்கும் ஒரு டேர்ன் போடவா?” என்று வாசலில் தனபாலின் குரல். “ஏக்கா, ஒளிஞ்சு பாக்குதியாக்கும்?”

அவள் வடையோடு முக்காட்டுக்குள் சிரித்தாள்.

காந்தலூரில் முருகன் கோவிலில் கல்யாணம். ஆப்பிள் மரங்களில் காய் தொங்குகிற பருவம். மணமேடையில் உட்காரும் முன் அழகுத்தாய் போனைச் சிஞ்சுவிடம் கொடுத்தாள். தாலி ஏறியது. குலவைச் சத்தத்தில் மூக்கம்மாளின் குரல் தனியாகக் கேட்டது. மாலையோடு சாப்பிட உட்கார்ந்து, முதல் வாய் எடுத்தபோது சிஞ்சு ஓடிவந்தாள். கையில் போன் துடித்துக்கொண்டிருந்தது.

வேல்முருகன் சோற்றில் கையை நிறுத்தினான். அவன் பக்கத்து உறவினர்கள் நிமிர்ந்தார்கள். கல்யாணப்பெண்ணுக்கு என்ன போன் என்று ஒரு கிழவர் கேட்டார்.

சிஞ்சு ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

“தாயி, தாலி கட்டியாச்சா?”

“கட்டியாச்சுண்ணே. ஷீட்டுக்கு என்ன?”

“ஷீட்டுக்கு ஒண்ணுமில்ல. ஷீட்டு நல்லாத்தான் இருக்கு. அதான் பிரச்சனை.”

பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறுவீட்டுக்குத் தேவிகுளம் அழைத்துவர ஸ்டாண்டிலிருந்து ஒரு ஜீப் அனுப்புவது என்று சங்கம் முடிவு செய்திருந்தது. அருண்பாண்டியின் புது வண்டியை விடியற்காலையிலிருந்து கழுவி, பூ கட்டி வைத்திருந்தார்கள். கிளம்ப வேண்டிய நேரத்தில் திரையில் முதல் டேர்ன் தனபாலுக்கு. அருண்பாண்டிக்கு நான்கு.

“தனபால் வண்டியில ஏறுனா நீ தேவிகுளம் வர்றப்ப பாதி நட்டுதான் இருக்கும். ஒரு பக்கம் கதவே கயித்துலதான் நிக்கி. நான் சொல்லுதேன், இது கல்யாண சவாரி, டேர்ன் கெடையாதுன்னு. கேக்க மாட்டேங்கான். ஷீட்ட காட்டுதான். பூரா பயலும் அவன் பக்கம்.”

“அக்கா, எம்பேருல கல்லு வைக்கப் பாத்தாரு!” என்று பின்னாலிருந்து தனபால் கத்தினான். “நான் டீக்குப் போயிட்டேன்னு நெனச்சாரு! நான் போகவே இல்ல, வாசல்ல நின்னு பாத்துட்டு இருக்கேன்!”

ஈஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். “பாஸ்வேர்ட மட்டும் சொல்லு தாயி. ஒரே ஒரு கட்டம். மாத்திட்டு மறுபடி பூட்டிருதேன். மாப்பிள பேரு போட்டுப் பாத்தோம், தொறக்கல.”

“எம்பேரு இல்லயா?” என்றான் வேல்முருகன் மெதுவாக.

பந்தியில் சிரிப்பு. அழகுத்தாய் மருதாணிக் கையால் இலையிலிருந்த அப்பளத்தை உடைத்தாள். புது வண்டி பூவோடு வளைவில் வந்து நிற்பதை அவள் நிறைய நாள் மனசுக்குள் பார்த்திருந்தாள். அதில் இறங்கி அம்மா வீட்டு வாசலுக்கு நடப்பதையும். ஒரே ஒரு கட்டம்தான். அவள் சொன்னால் ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த வாரம் இன்னொருவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரே ஒரு கட்டத்துக்காகப் போன் செய்வான். அதற்கு அடுத்த வாரம் மைத்துனன்.

“டேர்ன் யாருக்கு?” என்றாள்.

“தனபாலுக்கு.”

“அப்ப தனபால் வரட்டும்.”

“தாயி, கதவு...”

“அருண்பாண்டி வண்டியில இருக்கிற பூவ எல்லாம் அவுத்து அதுல கட்டுங்க. கதவுல நெறைய கட்டுங்க.”

மறுமுனையில் எழுந்த கூச்சலில் போனே அதிர்ந்தது. சிஞ்சு அதை அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். “சேச்சி, பாயசம் வருது” என்றாள்.

தனபால் சாயங்காலம் வந்தான். தேயிலைச் சரிவுகளையும் சந்தனக்காட்டையும் தாண்டி அந்த ஜீப் வரும் சத்தம் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகுநேரம் முன்பே காந்தலூருக்குக் கேட்டது. பூவுக்குள் வண்டியைத் தேட வேண்டியிருந்தது. அவன் புதுச் சட்டை போட்டு, நெற்றியில் பெரிய குங்குமம் வைத்து, இறங்கி மாப்பிள்ளைக்கு ஒரு சல்யூட் அடித்தான்.

“சார், நீங்க அந்தப் பக்கம் உக்காந்து கதவ மட்டும் லேசாப் பிடிச்சுக்கோங்க. விட்றாதீங்க.”

வேல்முருகன் பட்டு வேட்டியோடு கதவைப் பிடித்தான். மூக்கம்மாள் பின்னால் ஏறி இரண்டு கையாலும் கம்பியைப் பற்றி, கொழுந்து லாரியே இதைவிடப் பரவாயில்லை என்றாள். ஒவ்வொரு குழியிலும் பூ உதிர்ந்தது. சாலையோரம் நின்றிருந்த சுற்றுலாக்காரர்கள் கையாட்டினார்கள். அழகுத்தாய் ஒரு கையால் மாலையையும் மறு கையால் முன்கம்பியையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குலுங்கலுக்கும் சத்தமாகச் சிரித்தாள்.

மறையூர் தாண்டியது. தனபால் கண்ணாடியில் அவளைப் பார்த்தபடியே இருந்தான்.

“ஏக்கா, ஒண்ணும் கேக்க மாட்டியா?”

“எதப்பத்தி?”

“ஷீட்டப்பத்தி. இன்னிக்கு ஓணக் கூட்டம். எத்தன வண்டி அடிச்சோம், எத்தன கல்லு விழுந்துச்சு, யாரு யாரு சண்ட போட்டா...”

“சண்ட போட்டாங்களா?”

“இல்ல.”

“பெறகென்ன கேக்க?”

அவன் யோசித்தான். பிறகு தானும் சிரித்துக்கொண்டு கியரை மாற்றினான். ஈஸ்வரன் சொன்ன மூன்று நாளில் இது முதல் நாள்; நாளைக்கும் நாளை மறுநாளும் அவள் கவுண்டருக்கு வர மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். புதன்கிழமை வருவாள்.

“மாப்பிள சார், கை வலிக்கா?”

“இல்ல” என்றான் வேல்முருகன், கதவைப் பிடித்தபடி.